கரையில் மீன் இருக்க, தட்டில் பாசா

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் அண்மைக் காலமாக எழுந்துவரும் உயர்தர விடுதிகளில் ஒன்றில், சென்ற மாதம் குடும்பத்தோடு இரவு உணவு உண்டோம். அந்த உணவு தந்த ஏமாற்றத்தை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, எழுதியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். காசு கூடுதலாகப் போயிற்று என்பதோ, உப்பு குறைந்திருந்தது என்பதோ மட்டும் குறையாக இருந்திருந்தால் வீட்டுக்குள் பேசி முடித்திருப்போம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இருபுறமும் கடல் கிடக்கிற இந்த நிலத்தில், கடல் உணவுக்கென்றே விளம்பரம் செய்துகொள்ளும் ஓர் உணவகத்தால் இந்த இரண்டு கடல்களின் மீனில் ஒன்றைக்கூட எங்கள் மேசைக்குக் கொண்டுவர முடியவில்லை. அதுதான் என்னை எழுத வைக்கிறது. விடுதியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். அவர்கள் மேல் பழி விழுவதை நான் விரும்பவில்லை.

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி விடுமுறையில் வந்திருந்தான். அப்பா அம்மாவின் திருமண நாள் அந்த விடுமுறைக்குள் வந்ததால், இருவரையும் ஒரு நல்ல இடத்தில் உட்காரவைத்து, பிறர் பரிமாற அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். முழங்கால் தளர்ந்து படகை விட்ட பிறகும், விடியற்காலையில் கரைக்குப் போய் யார் படகில் என்ன பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வராவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது போகாது. அம்மா வாழ்நாள் முழுவதும் மீன் ஆய்ந்தவர், கருவாடு காயவைத்தவர், விருந்தாளிகளுக்குச் சமைத்தே ஓய்ந்தவர். அப்படிப்பட்ட இருவருக்கு ஒரு வேளையாவது மற்றவர்கள் மரியாதையோடு பரிமாற வேண்டும் என்ற தம்பியின் எண்ணத்தை நான் மிகவும் மதித்தேன். இந்த உணவகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. கடலைப் பார்த்தபடி உட்காரலாம், அன்றன்று பிடித்த மீனை அன்றன்றே சமைத்துத் தருவோம் என்று அவர்கள் அறிவித்திருந்தார்கள்.

இடம் அழகாகத்தான் இருந்தது. கூடத்தின் ஒரு பக்கம் முழுவதும் திறந்து கிடந்தது; காற்று நேராக உள்ளே வந்தது. மேசைகளுக்கு இடையே தாராளமான இடைவெளி விட்டிருந்தார்கள். அப்பாவுக்குப் படி ஏறுவது கடினம் என்பதைக் கவனித்து, ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரும் துண்டும் கேட்காமலே வந்தன. இவற்றையெல்லாம் நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

மெனு அட்டை தடிமனாக இருந்தது. அதில் கடல் உணவு என்ற தலைப்பின் கீழ் நார்வே சால்மன், பாசா, பூண்டு வெண்ணெயில் இறால், நண்டு கேக், வறுத்த கணவாய் வளையம், வஞ்சிரம் தவா வறுவல், செட்டிநாட்டு மீன் குழம்பு, பிறகு சற்றுப் பெரிய எழுத்தில் 'இன்றைய கடல் மீன்' என்று இருந்தன. வஞ்சிரம் கேட்டோம், இல்லை என்றார்கள். எனவே இன்றைய கடல் மீன், இறால், நண்டு கேக், மீன் குழம்பு, சோறு, குழந்தைகளுக்கு ரொட்டியும் பருப்பும் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். இன்றைய மீன் எது என்று அப்பா கேட்டதற்கு, பரிமாறிய பையன் சிறிது தயங்கி, "வெள்ளை மீன், சார்" என்றான். அவன் வடகிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து வந்தவன். தமிழை ஓரளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தான். அவனுக்கு மீனின் பெயர் தெரியாதது அவன் குற்றமாகாது. அன்று மாலை அவனை நிற்கவைத்து, இன்று வந்திருப்பது இன்ன மீன் என்று சமையலறையில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

தட்டு வந்தது. ஓரங்கள் சீராக வெட்டப்பட்ட, தோலும் முள்ளும் இல்லாத ஒரு வெள்ளைத் துண்டு. மேலே எலுமிச்சையும் வெண்ணெயும் கலந்த சாறு. பக்கத்தில் வேகவைத்த காய்கறி. அப்பா ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். மென்று முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏத்தா, இது கடல் மீனு இல்லையே" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. பையனை அழைத்து, சமையலறையில் கேட்டு வரும்படி சொன்னேன். போய்க் கேட்டுவிட்டு வந்து, பாசா என்று சொன்னான்.

பாசா என்பது மீகாங் ஆற்றைத் தாயகமாகக் கொண்ட கெளுத்தி இனத்து மீன். அதுவும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு கெளுத்தியும் வியட்நாமில் பெருமளவில் வளர்க்கப்படுகின்றன. அந்த இரண்டாவது மீனை நம் நாட்டில், குறிப்பாக ஆந்திரத்தில், குளங்களில் வளர்க்கிறார்கள். தோலுரித்து, முள் நீக்கி, உறையவைத்த துண்டுகளாக அது நாடெங்கும் போகிறது. மலிவான புரதம் என்ற அளவில் அதற்குரிய மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நன்னீர் மீன். அதைக் கடற்கரையில் உட்காரவைத்து, இன்றைய கடல் மீன் என்ற பெயரில், 900 ரூபாய்க்கு மேல் விலை வைத்து ஒருவருக்குக் கொடுப்பது நேர்மையில்லாத செயல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சமையல்காரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்தத் தட்டை அவரால் காப்பாற்றியிருக்க முடியாது.

அப்பாவின் நாக்கு ஒரே விள்ளலில் கண்டுபிடித்ததற்குப் பின்னால் தெளிவான காரணங்கள் உள்ளன. கடல் நீரின் உப்புக்கு ஈடுகொடுத்து உடலின் நீரைக் காப்பாற்றிக்கொள்ள, கடல் மீனின் தசையில் அமினோ அமிலங்களும் வேறு சில சேர்மங்களும் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன. கடல் மீனுக்கே உரிய அந்த மெல்லிய இனிப்பும் ஆழமான சுவையும் பெரும்பாலும் அவற்றிலிருந்து வருபவை. நன்னீர் மீனுக்கு அந்தத் தேவை இல்லாததால் அதன் சுவை மட்டாகவே நிற்கும். குளத்து நீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் மண் வாடையும் சில வேளைகளில் ஏறிவிடும். இதனோடு உறையவைத்தலின் சேதமும் சேர்கிறது. மெதுவாக உறையும்போது தசைக்குள் பெரிய பனிக்கட்டித் துகள்கள் உருவாகி உயிரணுக்களைக் கிழித்துவிடுகின்றன. உருகவைக்கும்போது சாறு வடிந்துபோகிறது. அந்த இழப்பைச் சரிக்கட்டவும் எடையைக் கூட்டவும் பாஸ்பேட் உப்புக் கரைசலில் துண்டுகளை ஊறவைப்பதும் இந்த வணிகத்தில் பரவலாக இருக்கிறது. அந்தத் துண்டு வாயில் வழவழவென்று நீர் விட்டதற்கு இவையே காரணமாக இருந்திருக்கும். கையில் எடுத்துத் தலையையும் செவுளையும் கண்ணையும் பார்த்து மீன் வாங்கிப் பழகிய எங்களுக்கு, தலையே இல்லாத ஒரு துண்டின் வயதை எதைக் கொண்டு அறிவது?

இறாலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பண்ணையில் வளர்த்த வெனாமி இறால். அடுப்பில் தேவைக்கு மேல் கிடந்து ரப்பராகிவிட்டிருந்தது. இறால் சிவந்து லேசாக வளைந்தவுடன் இறக்கிவிட வேண்டும், இறுகச் சுருண்டுவிட்டால் போயிற்று என்பது எங்கள் தெருவில் பத்து வயதுப் பெண்ணுக்கும் தெரியும்.

நண்டு கேக்கைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பாக் விரிகுடா நீலக்கால் நண்டுக்குப் பெயர்போனது. நண்டு வலைக்கென்றே இங்கே தனிப் படகுகள் இருக்கின்றன. மண்டபம் ஊரைச் சுற்றி நண்டை வேகவைத்துச் சதை பிரிக்கும் கூடங்களில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அந்தச் சதை பதப்படுத்தப்பட்டு அமெரிக்கா வரைக்கும் போகிறது. அப்படிப்பட்ட கரையில் எங்களுக்கு வந்த நண்டு கேக்கின் உள்ளே இருந்தது, ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசிய நண்டுக் குச்சி. வெள்ளை மீனை அரைத்து, மாவும் மணமும் சேர்த்து அச்சில் வார்ப்பது அது. நண்டு அதில் பெயருக்கு இருந்தால் உண்டு. அம்மா அதை முள்கரண்டியால் பிரித்துப் பார்த்துவிட்டு, அருகில் இருந்த பேத்தியிடம் ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தள்ளி வைத்தார். அம்மா கையால் நண்டை உடைத்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வைக்கும் ரசத்துக்காகவே தம்பி ஊருக்கு வருகிறான் என்றுகூடச் சொல்லலாம். அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மீன் குழம்பு செட்டிநாட்டுப் பெயரில் இருந்தது. செட்டிநாட்டுச் சமையலின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் காரைக்குடிப் பக்கத்து மசாலாவைக் கடலோரத்துக்குக் கொண்டுவருவதற்கு முன், கடலோரத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்திருக்கலாம். எங்களுக்கு வந்ததோ செட்டிநாட்டுக் குழம்பும் இல்லை. வெங்காயமும் தக்காளியும் முந்திரியும் அரைத்து மொத்தமாகச் செய்துவைத்த கறிக்கூழில், அதே பாசாத் துண்டுகளைக் கடைசியில் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் குழம்பில் புளி முன்னால் நிற்கும். சின்ன வெங்காயம், அரைத்த தேங்காய் அல்லது தேங்காய்ப் பால், முண்டு மிளகாய் இவ்வளவுதான் துணை. உருண்டையாக, தோல் தடித்து, கருஞ்சிவப்பாக இருக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்து, மாசி முதல் சித்திரை வரை களங்களில் காயும் மிளகாய் அது. நாங்கள் சாப்பிடப் போன வைகாசியில் புது மிளகாய் எல்லாக் கடைகளிலும் குவிந்து கிடந்தது. அதன் நிறமும் மணமும் அந்தச் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. கீழக்கரையில் மீன் ஆணத்தோடு இடியாப்பம் சாப்பிட்டவர்கள், இந்தக் கடற்கரையில் விருந்து என்றால் என்ன என்பதை அறிவார்கள்.

அந்த வாரம் கரையில் மீனே இல்லாமல் இருந்ததா? இந்தக் கேள்வியை மேலாளரிடமே கேட்டோம். அவர் இளைஞர், தன்மையாகப் பேசினார். "தடைக்காலம் நடக்கிறது ஐயா, அதனால்தான் உள்ளூர் மீன் எடுக்க முடியவில்லை" என்று அப்பாவிடம் சொன்னார். வெளியூரிலிருந்து வருபவர்கள் இந்தப் பதிலைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பதால், இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை உள்ளது. முன்பு 45 நாட்களாக இருந்ததைத் தமிழ்நாட்டில் 2017-இல் நீட்டித்தார்கள். ஆனால் இந்தத் தடை இழுவலை போடும் விசைப்படகுகளுக்குரியது. நாட்டுப்படகுகளும் வத்தைகளும் வல்லங்களும் அந்தக் காலத்திலும் கடலுக்குப் போகின்றன. சொல்லப்போனால், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதங்கள்தான் சிறு மீனவருக்கு நல்ல விலை கிடைக்கும் காலம்; தூண்டிலிலும் சிறு வலையிலும் பிடித்து, சில மணி நேரத்துக்குள் கரைக்கு வந்துவிடும் அந்த மீனைவிடப் புதிய மீன் வேறு கிடையாது. ஒரு நல்ல உணவகம் தேடிப் போக வேண்டிய மீன் அதுதான்.

அப்பா இதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்துவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும். அப்போது வடகடல் பக்கம் தொழில் நடக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் முரண்டு பிடிக்கும். அப்போது தென்கடல் அமைதியாக இருக்கும். மண்டபம், பாம்பன் பக்கத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காற்றைப் பார்த்துக் கரையை மாற்றித் தொழில் செய்கிறவர்கள். புயல் எச்சரிக்கை உள்ள நாட்களை விட்டுவிட்டால், இரண்டு கரைகளிலும் ஒருசேர மீன் இல்லாமல் போகும் நாள் அரிது. அன்று காலையிலும் நகரை, ஊடகம், ஓரா ஆகிய மீன்கள் வந்திருந்தன. விளைமீனும் பாறை மீனும் பெரிய அளவில் இல்லாவிட்டாலும் ஒரு குடும்பத்துக்குப் போதுமான அளவு கிடந்தன. கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் சொல்கிறார் என்பதால் மேலாளரால் மறுத்துப் பேச முடியவில்லை.

இந்த மீன்களுக்கும் இந்த இடத்துக்கும் உள்ள உறவு சாதாரணமானதில்லை. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகளும் கடற்புற்களும் சூழ்ந்த 21 தீவுகளை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். விளைமீனும் கிளிமீனும் அந்தப் பாறைகளையும், ஓரா அந்தக் கடற்புல்லையும் நம்பி வாழ்பவை. தீவுகளின் அருகே போய்ப் பிடிக்க அனுமதி இல்லை. அதை மதித்து வெளியே பிடிக்கும் மீனில் அந்தக் கடலின் வளம் அப்படியே இருக்கிறது. நகரையை முழுதாக வைத்து, மிளகாயும் உப்பும் மஞ்சளும் தடவி, நல்லெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து எடுத்தால் முள்ளோடு தின்னலாம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காரல் குழம்பும் பால்சுறாப் புட்டும் கொடுக்காத வீடு எங்கள் பக்கம் இல்லை. இந்தக் குழம்புகளுக்கு எங்கள் மானாவாரி வயல்களில் விளையும் சித்திரைக்கார் சிவப்பரிசிச் சோறு அவ்வளவு பொருத்தம். எட்டுத் திசையிலிருந்தும் ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் இவற்றில் ஒன்றையாவது ருசித்துவிட்டுப் போனால்தானே வந்ததற்குப் பொருள்?

மேலாளர் தம் தரப்பையும் மறைக்காமல் சொன்னார். அதை நான் நேர்மையோடு பதிவு செய்ய வேண்டும். மெனுவைத் தலைமை அலுவலகம் தீர்மானிக்கிறது. எல்லா ஊர்க் கிளைகளிலும் ஒரே எடையில் ஒரே மாதிரித் துண்டு வர வேண்டும் என்பது விதி. மதுரையிலிருந்து வரும் குளிர்பதன வண்டி வாரம்தோறும் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. அதற்குப் பில் இருக்கிறது, தர ஆவணம் இருக்கிறது. கரையில் நடக்கும் ஏலத்தில் ரொக்கம்தான் செல்லும். இன்று கிடைத்த மீன் நாளைக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. வரும் விருந்தினரில் பலருக்கு முள் என்றாலே பயம். இந்த நடைமுறைச் சிக்கல்கள் எதையும் நான் அலட்சியப்படுத்தவில்லை.

ஆனாலும் இவற்றில் ஒன்றுகூடத் தீர்க்க முடியாதது இல்லை என்பதே என் கருத்து. விளைமீன், பாறை போன்றவற்றில் முள் நீக்கிய துண்டு எடுப்பது கடினமில்லை. எங்கள் ஊர் மீன் சந்தையில் மீன் வெட்டித் தரும் அக்காமார்கள் கண் இமைக்கும் நேரத்தில் செய்து கொடுப்பார்கள். நிலையான வரவு வேண்டுமென்றால் அதற்கும் வழி இங்கேயே இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தில் 2010-இல், நம் நாட்டிலேயே முதன்முறையாகக் கடல் விராலைக் கூண்டுகளிலும் தொட்டிகளிலும் வளர்த்து முட்டையிடவைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். அந்தக் குஞ்சுகளை வாங்கிக் கடலில் மிதக்கும் கூண்டுகளில் வளர்க்கும் மீனவர் குழுக்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. கெட்டியான வெள்ளைச் சதையும் குறைந்த முள்ளும் உள்ள அந்த மீன், தடைக்காலம் பார்க்காமல் அளவாகப் பிடித்துத் தரக்கூடியது. ஓர் உயர்தர உணவகத்துக்கு இதைவிட ஏற்ற மீன் எது? சில கிலோமீட்டர் தொலைவில் வளரும் அதை விட்டுவிட்டு, எங்கோ உறையவைத்ததை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள் என்றால், சிரமத்தைக் காட்டிலும் அக்கறைக் குறைவே பெரிதாகத் தெரிகிறது.

கடைசியாகப் பன்னா கோட்டா வந்தது. பாலாடையைக் கட்டியாக்கிய இத்தாலிய இனிப்பு, மோசமில்லை. ஆனால் வைகாசி மாதம் எங்கள் மாவட்டத்தில் நுங்கு தெருவெங்கும் கிடக்கும், பதநீர் இறங்கும், சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் அடுப்புகள் எரியும். பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் முகக்கண்ணாடி மாட்டி, கையில் துணி சுற்றி, கடலுக்குள் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து, இனிப்புகளை உறையவைக்க உதவும் அகர் எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்து உறையவைக்கும் கடற்பாசி, எந்த நாட்டு இனிப்புக்கும் குறைந்ததில்லை. தொதல் கிண்டும் கை உள்ளவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. அந்த இனிப்புகளில் ஒன்றை வைத்திருந்தால், அம்மாவின் முகத்தில் அன்று இரவு ஒருமுறையாவது மகிழ்ச்சியைப் பார்த்திருப்பேன்.

ஆறு பேருக்கு 12,000 ரூபாயை ஒட்டி பில் வந்தது. அதில் சேவைக் கட்டணம் என்று 10 விழுக்காடு தானாகச் சேர்க்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் ஒப்புதல் இல்லாமல் இப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது; தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. தம்பி எடுத்துச் சொன்னவுடன் மறுபேச்சு இல்லாமல் நீக்கிவிட்டார்கள். அந்தத் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாகவே, அப்பாவின் கையைப் பிடித்து அழைத்து வந்த பையனுக்கும் பரிமாறிய பையனுக்கும் நேரில் கொடுத்தோம். இப்படிக் கட்டணம் சேர்த்து நீக்க மறுக்கும் இடங்களில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கிளம்பும்போது அப்பா மேலாளரிடம், "தம்பி, ஒரு நாள் விடியக்காலம் வாங்க, கரையில ஏலம் எப்படி நடக்குதுன்னு நானே கூட்டிப்போய்க் காட்டுறேன்" என்று சொன்னார். வருகிறேன் என்று அவரும் சொன்னார். வருவார் என்று அப்பா நம்புகிறார், நானும் நம்புகிறேன். ஆனால் மெனு தலைமை அலுவலகத்தில் முடிவாகிறது என்பதால், அங்கே ஒரு கடிதம் எழுதினேன். பாசாவைக் கடல் மீன் என்று எழுதுவதை உடனே நிறுத்த வேண்டும். நண்டுக் குச்சி என்றால் நண்டுக் குச்சி என்றே போட வேண்டும். இன்றைய மீன் என்பதற்கு எதிரே மீனின் பெயரையும், அது வடகடலா தென்கடலா என்பதையும் ஒரு பலகையில் தினமும் எழுத வேண்டும். வாரத்தில் சில நாட்களாவது கரையில் மீன் விற்கும் பெண்களிடம் நேரடியாகக் கொள்முதல் செய்ய வேண்டும். கடல் விரால் வளர்க்கும் குழுக்களோடு பேச வேண்டும் என்பவற்றை அதில் கேட்டிருக்கிறேன். ஜூன் 15 அதிகாலையில் விசைப்படகுகள் கடலுக்கு இறங்குகின்றன. தடைக்காலம் என்ற காரணம் அதோடு தீர்ந்துவிடும். அதற்கு முன்பாக அவர்கள் கையில் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கடிதத்தை நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.